கப்பல் ஏறும் பனியன்
(ஏற்றுமதி பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை)

– இறுதியாண்டு மாணவி, ஜவுளித் தொழில்நுட்பப் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று மாணவர் சங்கத்தார் கேட்டதும் எனக்கு முதலில் பயம்தான் வந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் என்னத்தைப் பெரிதாக எழுதிவிடப் போகிறேன் என்று தோன்றியது. பிறகுதான் யோசித்தேன். பேச்சு வந்த நாளிலிருந்து தினமும் காதில் விழும் ஒரு வார்த்தை இருக்கிறதே! ‘எக்ஸ்போர்ட்’. அதைப் பற்றியே எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

நம்மில் பலருடைய வீட்டில் அடுப்பு எரிவது இந்த எக்ஸ்போர்ட்டால்தான். ஆனால் இங்கே தைக்கும் பனியன் எப்படி வெளிநாடு போகிறது, பணம் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? எனக்கும் தெரியாதுதான். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தது ஒரு கஷ்டத்தில்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அம்மா சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு வந்தார். அடுத்த சனிக்கிழமையும் இல்லை. இப்படியே நாலு வாரம் போச்சு. அம்மா வேலை பார்த்தது ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட். அவர்கள் தைத்துக் கொடுத்த 10,000 டி-சர்ட்டை வெளிநாட்டுக் கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். தையலில் குறை இல்லை. துவைத்தால் துணி சுருங்குகிறதாம்! “சுருங்கினா நாங்க என்ன கண்ணு பண்றது? துணி எங்ககிட்ட வரும்போதே அப்படித்தான் வந்துச்சு” என்றார் அம்மா.

துணி சுருங்கினால் அம்மாவின் சம்பளம் ஏன் நிற்க வேண்டும்? அந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான் இந்தக் கட்டுரை. புரிவதற்கு எளிதாக ஒரே ஒரு சந்தையை எடுத்துக்கொள்வோம். வாங்குபவர் ஜெர்மனிக்காரர். விற்பவர் திருப்பூர்க்காரர். சரக்கு 10,000 காட்டன் டி-சர்ட்.

திருப்பூருக்கு வந்த வெளிநாட்டார்

திருப்பூர் முதலில் உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் போட்ட ஊர். 1970-களின் இறுதியில் இத்தாலி வியாபாரிகள் வந்து டி-சர்ட் வாங்க ஆரம்பித்தார்கள். 1980-களில் ஐரோப்பாவின் பெரிய கடைகள் வந்தன. 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் ‘கோட்டா’ என்று ஒன்று இருந்தது. இந்த நாட்டிலிருந்து இத்தனை உருப்படிதான் எங்கள் நாட்டுக்குள் வரலாம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த வரம்பு அது. 2004 டிசம்பர் 31-உடன் அந்த முறை முடிந்தது. 2005 முதல் திறந்த போட்டி. யார் நன்றாக, மலிவாக, சொன்ன தேதிக்குக் கொடுக்கிறாரோ அவருக்கு ஆர்டர்.

முதல் சிக்கல்: யாரை யார் நம்புவது?

நம் தெருக் கடையில் காசைக் கொடுத்துப் பொருளை வாங்குகிறோம். இரண்டும் ஒரே நிமிஷத்தில் முடிந்துவிடும். ஏற்றுமதியில் அப்படி இல்லை. சரக்கு பல வாரம் கடலில் இருக்கும். பணம் வராமல் சரக்கை அனுப்ப விற்பவருக்குப் பயம். சரக்கு வராமல் பணத்தை அனுப்ப வாங்குபவருக்குப் பயம். இந்தப் பயத்தை யார் எவ்வளவு சுமப்பது என்பதை வைத்துத்தான் பணம் பெறும் முறைகள் ஏற்பட்டிருக்கின்றன.

1. முன்பணம்: முழுப் பயமும் வாங்குபவருக்கு. புதிய ஏற்றுமதியாளருக்கு இது கிடைப்பது அபூர்வம்.

2. ‘லெட்டர் ஆப் கிரெடிட்’, சுருக்கமாக எல்.சி.: வாங்குபவரின் பேங்க் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. ‘இன்னின்ன காகிதங்களைக் குறித்த தேதிக்குள் சரியாகக் கொடுத்தால் பணம் தருகிறோம்’ என்று பேங்க்கே பொறுப்பேற்கிறது.

3. டி.பி. மற்றும் டி.ஏ.: காகிதங்கள் பேங்க் மூலம் போகும். டி.பி. என்றால் பணம் கட்டிய பிறகுதான் வாங்குபவர் கையில் காகிதம். டி.ஏ. என்றால் ‘இத்தனை நாளில் தருகிறேன்’ என்று கையெழுத்துப் போட்டாலே காகிதம் கிடைத்துவிடும். இரண்டிலும் பேங்க் வெறும் தபால்காரர்தான், ஜாமீன்தாரர் இல்லை.

4. ‘ஓபன் அக்கவுண்ட்’: சரக்கை முதலில் அனுப்பிவிட்டு 60 நாள், 90 நாள் என்று காத்திருப்பது. முழுப் பயமும் விற்பவருக்கு. பெரிய கடைகள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான்.

இதில் எல்.சி. பற்றி ஒரு விஷயத்தை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் சரக்கைப் பார்க்காது. காகிதத்தை மட்டுமே பார்க்கும். உலகம் முழுக்க பேங்க்குகள் பின்பற்றும் ‘யு.சி.பி. 600’ என்ற விதிகள் 2007 ஜூலை முதல் நடப்பில் உள்ளன. காகிதங்களைச் சரிபார்க்க பேங்க்குக்கு அதிகபட்சம் 5 வேலை நாள். எல்.சி.யில் கேட்ட காகிதத்தில் ஒன்று குறைந்தாலும் சரி, கப்பல் ஏறிய தேதி கெடுவைத் தாண்டினாலும் சரி, பேங்க் பணம் தர மறுக்கலாம். பனியன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே பேச்சே கிடையாது.

வாங்குபவர் பணமே தராமல் திவாலானால்? அதற்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது. மத்திய அரசின் இ.சி.ஜி.சி. நிறுவனம் 1957-லிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறது. பிரீமியம் கட்டினால் நஷ்டத்தில் பெரும்பகுதியை அது ஈடுகட்டும்.

இரண்டாவது சிக்கல்: விலை சொல்வது

‘ஒரு பீஸ் 3 யூரோ’ என்று சொன்னால் போதாது. எந்த இடம் வரைக்கும் 3 யூரோ என்று சொல்ல வேண்டும். இதற்காகப் பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-ல் ‘இன்கோடெர்ம்ஸ்’ என்ற சொற்களை வகுத்தது. இப்போது வழக்கில் இருப்பது 2020 பதிப்பு.

‘எப்.ஓ.பி. தூத்துக்குடி’ என்றால் தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றுகிற வரை செலவும் பொறுப்பும் நம்முடையவை. அதற்குப் பிறகு வாங்குபவர் பாடு. ‘சி.ஐ.எப். ஹாம்பர்க்’ என்றால் ஹாம்பர்க் துறைமுகம் வரை கப்பல் கூலியும் இன்சூரன்சும் நாம் கட்ட வேண்டும். ஆனால் சரக்கு நடுக்கடலில் நனைந்தால் நஷ்டம் யாருக்கு? பலரும் நமக்கு என்றுதான் நினைப்பார்கள். இல்லை! சி.ஐ.எப்.பிலும் கப்பலில் ஏற்றியவுடனேயே பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. இன்சூரன்ஸ் பணத்தைக் கேட்டு வாங்கவேண்டியவர் அவர்தான்.

இனி ஒரு சின்ன கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு டி-சர்ட்டுக்கு 200 கிராம் துணி என்றால் 10,000 பீஸுக்கு 2,000 கிலோ. நிட்டிங், சாயம், கட்டிங் சேதாரத்துக்கு 15 சதவீதம் சேர்த்தால் 2,300 கிலோ நூல் வாங்க வேண்டும். விலை பேசிய நாளுக்கும் நூல் வாங்கும் நாளுக்கும் நடுவில் நூல் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் 46,000 ரூபாய் கையை விட்டுப் போகும். மொத்த ஆர்டர் 30,000 யூரோ. பணம் வரும் நாளில் யூரோவின் மதிப்பு ஒரே ஒரு ரூபாய் இறங்கினாலும் 30,000 ரூபாய் குறையும். இதைத் தவிர்க்க, ‘இன்ன தேதியில் இன்ன விலைக்கு யூரோவை விற்கிறேன்’ என்று பேங்க்கோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ‘பார்வர்டு காண்ட்ராக்ட்’ என்று இதற்குப் பெயர். கணக்குப் போடாமல் ஆர்டர் பிடிப்பவர் வியாபாரம் செய்யவில்லை, சூதாடுகிறார் என்பது என் கருத்து.

மூன்றாவது: காகிதங்கள்

ஏற்றுமதி செய்ய முதலில் ஐ.இ.சி. என்ற 10 இலக்கக் குறியீடு வேண்டும். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் தருவது. ‘பான்’ எண்ணே இப்போது அந்த எண்ணாக இருக்கிறது. அடுத்து, உலகத்தில் விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ‘எச்.எஸ். கோடு’ என்று ஒரு எண் உண்டு. பின்னலாடை டி-சர்ட், பனியன் வகைக்கு 6109. ஜெர்மன் மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை, இந்த எண்ணைச் சொன்னால் ஹாம்பர்க் சுங்க அதிகாரிக்கும் புரியும்.

சரக்கோடு போகும் முக்கியமான காகிதங்கள்:

• இன்வாய்ஸ்: என்ன சரக்கு, என்ன விலை.
• பேக்கிங் லிஸ்ட்: எந்தப் பெட்டியில் எந்த சைஸ், எத்தனை பீஸ், எடை எவ்வளவு.
• ஷிப்பிங் பில்: நம் சுங்கத்துறையிடம் தாக்கல் செய்வது. இது இல்லாமல் சரக்கு நாட்டை விட்டு நகராது.
• பில் ஆப் லேடிங்: கப்பல் கம்பெனி தரும் ரசீது. வெறும் ரசீது மட்டுமல்ல, சரக்கின் உரிமைப் பத்திரமும் இதுதான். அசல் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் பெட்டி கிடைக்கும்.
• பிறந்த நாட்டுச் சான்று: சரக்கு இந்தியாவில் உற்பத்தியானது என்பதற்கு.
• இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட்: வாங்குபவர் நியமித்த ஆள் சரக்கைப் பரிசோதித்து ‘சரி’ என்று தருவது. எல்.சி.யில் கேட்டிருந்தால் இதுவும் கட்டாயம்.

கடைசிக் காகிதத்தை மறந்துவிடாதீர்கள். அம்மாவின் சம்பளம் அதில்தான் மாட்டியது.

நான்காவது: ஜெர்மனி என்ன கேட்கிறது?

இந்தப் பகுதி நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஏனென்றால் இவை எல்லாமே லேபிலும் டேபிளிலும் அளந்து பார்க்கும் விஷயங்கள்.

சாயம்: சில அசோ சாயங்கள் உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக மாறும். ஜெர்மனி 1994-ல் அவற்றுக்குத் தடை கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2002-ல் சட்டம் வந்தது. இப்போது ‘ரீச்’ என்ற ரசாயனச் சட்டத்தின் கீழ், அந்தப் பட்டியலில் உள்ள அமீன் ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. 30 மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைகூட இல்லை!

லேபிள்: எந்த நார் எத்தனை சதவீதம் என்று விற்கும் நாட்டின் மொழியில் எழுதியிருக்க வேண்டும். காட்டனுக்கு ஜெர்மன் மொழியில் ‘பவும்வொல்லெ’. அதாவது ‘மரக் கம்பளி’! நமக்குப் பஞ்சு செடியில் காய்ப்பது. அவர்கள் அதை மரத்தில் காய்க்கும் ஆட்டு ரோமம் போல நினைத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

குழந்தை உடை: 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடையில் கழுத்து, தொப்பிப் பகுதியில் இழுத்துக் கட்டும் கயிறு கூடாது. சறுக்குமரத்தில் கயிறு மாட்டிக் குழந்தையின் கழுத்து இறுகிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி.

தரம்: 10,000 பீஸையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘ஏ.க்யூ.எல்.’ என்ற மாதிரி எடுக்கும் முறை உண்டு. வழக்கமான நிலையில் 10,000 பீஸ் லாட்டுக்கு 200 பீஸ் எடுப்பார்கள். வரம்பு 2.5 என்றால் 200-ல் குறையுள்ளவை 10 வரை இருக்கலாம். 11 ஆனால் மொத்த லாட்டும் ரிஜெக்ட். அந்தப் பதினோராவது பீஸை எங்கே பிடிக்க வேண்டும் தெரியுமா? என் அம்மா மாதிரி செக்கிங் ஆட்களின் டேபிளில்.

சுருக்கம்: துணியில் 50 செ.மீ.க்கு அடையாளம் போட்டு, துவைத்து, உலர்த்தி, மறுபடி அளக்க வேண்டும். பின்னலாடையில் பல பையர்கள் 5 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்வார்கள். 8 சதவீதம் சுருங்கினால் 70 செ.மீ. உயர டி-சர்ட் 64.4 செ.மீ. ஆகிவிடும். மீடியம் வாங்கியவருக்கு ஒரே சலவையில் ஸ்மால்!

தேதி: சரக்கு தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறிப் போவது வழக்கம். சூயஸ் வழிதான் சுருக்கமானது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதல். கோடைக்கால டி-சர்ட் கோடை முடிந்து போய் என்ன பயன்? நம் தாமதத்தால் கெடு தப்பினால் நம் செலவிலேயே விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். அந்தக் கூலியில் லாபம் முழுவதும் கரைந்துவிடும்.

இவை தவிர, ஜெர்மனியில் 2023 ஜனவரியில் ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. பெரிய கம்பெனிகள், தங்களுக்குச் சரக்குத் தருபவர்களிடம் தொழிலாளர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்றும் கவனிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம்ம ஊர் டாய்லெட் சுத்தமா, ஓவர்டைம் கூலி ஒழுங்காக வருகிறதா என்று ஆடிட் செய்ய ஆள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் கொடுத்த விலை

ஏற்றுமதியால் வேலை வந்தது, ஊர் வளர்ந்தது. மறுக்கவில்லை. ஆனால் சாயத் தண்ணீர் நொய்யலில் ஓடியதும் உண்மை. கீழே ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கி விவசாயம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறிய பிறகுதான் படிப்படியாகத் திறந்தார்கள். வெளிநாட்டுக்காரர் தன் உடம்பில் படும் சாயத்துக்கு 1994-லேயே சட்டம் போட்டார். நம் ஆற்றுக்கு நாம் எத்தனை தாமதமாக விழித்தோம்!

போட்டியும் சும்மா இல்லை. வங்கதேசச் சட்டைக்கு ஐரோப்பாவில் சுங்க வரி இல்லாமல் போனது. நம் சட்டை வரி கட்டித்தான் உள்ளே போய்வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, அந்த ஒரு நாட்டையே நம்பியிருந்த கம்பெனிகள் தவித்துப்போயின. ஒரே சந்தையை நம்பக் கூடாது என்பது அதில் கிடைத்த பாடம்.

அம்மாவின் சம்பளம் எங்கே நின்றது?

இப்போது விடைக்கு வருவோம். அந்த ஆர்டர் எல்.சி.யில் வந்தது. எல்.சி.யைக் காட்டி பேங்க்கில் ‘பேக்கிங் கிரெடிட்’ என்ற கடன் வாங்கித்தான் ஏற்றுமதியாளர் நூல் வாங்கினார். பரிசோதனைக்கு வந்தவர் நாலு பீஸைத் துவைத்துப் பார்த்தார். 8 சதவீதம். சர்டிபிகேட் இல்லை என்று சொல்லிவிட்டார். சர்டிபிகேட் இல்லாததால் எல்.சி. பணம் இல்லை. பணம் வராததால் பேங்க் கடன் அடையவில்லை. கடன் நின்றதால் ஜாப் ஒர்க் பில் பாஸாகவில்லை. பில் வராததால் சனிக்கிழமை சம்பளம் இல்லை.

சரி, ஆரம்பம் எங்கே? துணி தயாரான அன்றே லேப் ரிப்போர்ட்டில் சுருக்கம் 5 சதவீதம் என்று எழுதியிருந்ததாம். “துவச்சே பாக்கலியாம் கண்ணு. நேரமாச்சுன்னு அஞ்சுன்னு எழுதிப் போட்டுட்டானாம். அவனும் உன்னாட்ட டிப்ளமோ படிச்ச பையன்தான்” என்று அம்மா பின்னால் ஒருநாள் சொன்னார். அன்றே துவைத்திருந்தால் துணியை மறுபடி காம்பாக்டிங்குக்குப் போட்டுச் சரிசெய்ய வழி இருந்தது. வெட்டித் தைத்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

சரக்கு ஆறு மாதம் குடோனில் கிடந்து, கடைசியில் காதர்பேட்டைக்குக் கிலோ கணக்கில் போனது. பையரின் பெயர் இருக்கும் லேபிளோடு உள்ளூரில் விற்கக் கூடாது. எனவே 10,000 லேபிளையும் பிரித்தெடுக்க வேண்டும். அந்த வேலைக்கும் கூப்பிட்டது அம்மாவைத்தான். நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் செக் செய்த அதே லேபிளை அம்மாவே உட்கார்ந்து பிரித்தார். சில மாதத்தில் அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள்.

போன செமஸ்டர் டெஸ்டிங் லேபில் எனக்கு ஒரு துணி கொடுத்தார்கள். 50 செ.மீ. துவைத்த பின் 46.9 ஆனது. 6.2 சதவீதம். பக்கத்தில் இருந்த தோழி, “அஞ்சுன்னு போட்டுருடி, மார்க் வந்துரும். பஸ் போயிரும்” என்றாள். ஒரு நிமிஷம் எனக்கும் கை அரித்தது, பொய் சொல்லவில்லை. பிறகு 6.2 என்றே எழுதினேன். சந்தேகத்துக்கு இன்னொரு துண்டை வெட்டித் துவைத்தும் பார்த்தேன். அதுவும் 6-க்கு மேல்தான். பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வர இரவு எட்டரை ஆகிவிட்டது. ஏன் லேட் என்று அம்மா கேட்டார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் சோறு போட்டார். கூட ஒரு ஆம்லெட்டும் போட்டார்.

நண்பர்களே! ஏற்றுமதி என்றால் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஏ.சி. அறையில் பேசும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம்மில் சிலர் ஏற்றுமதியாளராகவே ஆகலாம். ஆகட்டும்! ஆனால் பெரும்பாலோர் நாளைக்கு லேபிலும் தரக் கட்டுப்பாட்டிலும் மெஷின் பக்கத்திலும்தான் நிற்கப்போகிறோம். எந்தப் பிரிவு படித்தாலும் சரி, நாம் எழுதும் ஒரு எண்ணை நம்பித்தான் பேங்க் கடன் கொடுக்கிறது, கப்பல் கிளம்புகிறது, யாரோ ஒரு அம்மா சனிக்கிழமை சம்பளத்துக்குக் காத்திருக்கிறார். அளந்து பார்த்து எழுதுவோம்.